ஒரு மேசை, நான்கு நூல்கள்: உ.வே.சா. காலத்தைச் சேர்த்து வாசித்தல்

ஓலைச் சுவடிகளைத் தேடிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ தனியாகப் படித்தாலும் சுவை குறையாத நூல். ஆனால் அதை மட்டும் படித்து மூடிவைப்பவர்களுக்கு விஷயம் பாதிதான் கிடைக்கிறது. மீதிப் பாதி மூன்று நூல்களில் பிரிந்து கிடக்கிறது. உ.வே.சா.வே தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய ‘திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ ஒன்று. சி.வை.தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளைத் தொகுத்த ‘தாமோதரம்’ இன்னொன்று. ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்த ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ மூன்றாவது. நான்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்தால், ஓலையிலிருந்து அச்சுக்குத் தமிழ் நகர்ந்த காலம் நான்கு பக்கத்திலிருந்தும் தெரியும். முறை தெரியாமல் நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் கை ஓய்ந்துவிடும். எதை எங்கே திறக்க வேண்டும், எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதே இந்த மதிப்புரை.

அடிப்படை நூல் ‘என் சரித்திரம்’தான். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு நின்றது. நூலாக 1950இல் வெளிவந்தது. தொடராக எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கும், அடுத்ததற்கு ஒரு கொக்கியும் போட்டுவைக்கும். பல நூல்களைச் சேர்த்து வாசிப்பவருக்கு இந்த அமைப்பு பெரிய வசதி. எந்த அத்தியாயத்தின் முடிவிலும் நிறுத்திவிட்டு இன்னொரு நூலுக்குப் போய் வரலாம், கதையின் இழை அறுந்து போகாது. நாளுக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் முடியும். அதற்குமேல் வேகம் வேண்டாம். ஆட்களின் பெயர்கள் மனத்தில் தங்காது.

வாங்கும்போது கவனம் தேவை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்து பதிப்புரிமை பொதுவாகிவிட்டதால் கடைகளில் பல பதிப்புகள் கிடைக்கின்றன. விலையைப் பார்க்குமுன் பொருளடக்கத்தைத் திறந்து எண் 122 வரை போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் அது சுருக்கம். அடுத்து நூலின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ப் பெயர் அகராதி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான். தனியாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது இல்லாவிட்டாலும் குடி முழுகாது. நான்கு நூலைச் சேர்த்துப் படிப்பவருக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. மூன்றாவதாக, செய்யுள் வரும் ஏதாவதொரு பக்கத்தைப் பிரித்து அடிகள் சரியாக மடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பக்க அகலத்தை மிச்சப்படுத்த விருத்தத்தின் நான்கு அடிகளை உரைநடைபோல ஓட்டிவிடும் பதிப்புகள் உண்டு. அவற்றில் மெய்ப்பும் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். ரகர றகரமும் னகர ணகரமும் இடம் மாறிக் கிடக்கும். சென்னை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்தின் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். 1943இல் தொடங்கப்பட்ட அந்த நூல்நிலையம் அவர் தேடிச் சேர்த்த சுவடிகளையும் காத்து வருகிறது.

உத்தமதானபுரத்தில் தொடங்கி, தந்தை ஊர் ஊராகக் கதை சொல்லிப் பிழைத்ததும், தமிழ் படிக்கப் பிள்ளைக்கு ஆசிரியர் தேடி அலைந்ததும் வரும் பகுதிகளில் வேறு எந்த நூலையும் திறக்காதீர்கள். அந்த வறுமையும் ஏக்கமும் முழுதாக உள்ளே இறங்க வேண்டும். மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முன் சென்று நிற்கும் இடம் வந்ததும் இரண்டாவது நூலை எடுக்கலாம்.

பிள்ளையவர்கள் சரித்திரம் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளிவந்தது. முதற்பாகம் உ.வே.சா. மாணவராகச் சேர்வதற்கு முந்தைய வாழ்க்கையைச் சொல்கிறது. பெரும்பாலும் கேட்டுத் திரட்டிய செய்திகள். இரண்டாம் பாகம் கூடவே இருந்து கண்டது. சேர்த்து வாசிக்கும்போது வரிசையை மாற்ற வேண்டும். இரண்டாம் பாகத்தை ‘என் சரித்திர’த்தோடு இணையாகக் கொண்டுபோங்கள். முதற்பாகத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரை மாணவனின் கண்ணால் பார்த்துப் பழகிய பிறகு அவருடைய இளமைக்குத் திரும்பினால், யாப்பிலும் அந்தாதியிலும் அவர் எப்படி அவ்வளவு தேர்ந்தார் என்று அறியும் ஆவல் நமக்கே வந்துவிடுகிறது. முதற்பாகத்தில் தொடங்கியவர்கள் பலர் நடுவிலேயே விட்டுவிடுவதற்குக் காரணம், அந்த ஆவல் பிறப்பதற்கு முன்பே செய்யுட்கள் வந்து குவிந்துவிடுவதுதான்.

அந்தச் செய்யுட்களை என்ன செய்வது? முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம், தவறில்லை. ஆனால் அரங்கேற்றம் பற்றிய உரைநடையைத் தாண்டாதீர்கள். ஓர் ஊர்க் கோயிலின் பெருமையைப் பாடும் தலபுராணம் யாருடைய வேண்டுகோளால் எழுதப்பட்டது, எந்தக் கோயிலில் அரங்கேறியது, முடிவில் என்ன மரியாதை செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அச்சுக்கூடமும் பல்கலைக்கழகமும் தமிழ்ப் புலவனுக்குச் சோறு போடாத காலத்தில் அவன் எப்படி வாழ்ந்தான் என்ற கணக்கு அது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடிய ஒருவர் கடைசிவரை கடனோடு ஏன் இருந்தார் என்பதற்கு விடையும் அங்கேதான் கிடைக்கும். மாயூரத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளைமேல் குளத்தூர்க்கோவை பாடியது போன்ற செய்திகள் வரும்போது, மதம் கடந்து புலவர்கள் பழகிய அந்த ஊரின் காற்றே வேறு என்று தெரிகிறது.

இரண்டு நூலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய ஓர் இடம் 1876 பிப்ரவரி முதல் நாள், பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் மறைந்த இரவு. கிறிஸ்தவ மாணவரான சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் தாங்கியிருக்கிறார். உ.வே.சா. திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். இதே நிகழ்ச்சி இரண்டு நூலிலும் வருகிறது, ஆனால் இரண்டின் கனமும் வேறு. பிள்ளையவர்கள் சரித்திரத்தில் அது ஒரு பெருவாழ்வின் முடிவு. அதுவரை வந்த அத்தனை புராணமும் பிள்ளைத்தமிழும் அந்தப் படுக்கையைச் சுற்றி நிற்கின்றன. ‘என் சரித்திர’த்தில் அது நடுவழி. அடுத்த அத்தியாயத்திலேயே, இனி யாரிடம் பாடம் கேட்பது, எப்படிப் பிழைப்பது என்று இருபத்தோரு வயது இளைஞன் தவிக்கிறான். திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவனை ஆதரிக்கிறார். ஒன்றை மட்டும் படித்தவருக்கு ஒரு துக்கம்தான் தெரியும். இரண்டையும் ஒரே மாலையில் படிப்பவருக்கு, எண்பதை நெருங்கும் வயதில் ஆசிரியருக்காக ஒரு முறையும் எண்பதைக் கடந்தபின் தமக்காக ஒரு முறையும் அதே இரவுக்குத் திரும்பிய மனிதரின் மனம் தெரியும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது தேதி. பிள்ளையவர்கள் சரித்திரம் பல இடங்களில் தமிழ் வருஷப் பெயரைத்தான் சொல்லும். அறுபது வருஷப் பட்டியல் ஒன்றை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதலாவதான பிரபவ 1807, 1867 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. வேண்டிய வருஷம் வரிசையில் எத்தனையாவது என்று பார்த்து, அதில் ஒன்றைக் குறைத்து, பிரபவ ஆண்டோடு கூட்ட வேண்டும். தை, மாசி, பங்குனி என்றால் மேலும் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழியின் பின்பாதிக்கும் அப்படியே. பிள்ளையவர்கள் பிறந்தது பவ வருஷம் பங்குனி மாதம். பவ எட்டாவது, 1807உம் 7உம் 1814, பங்குனி ஆகையால் 1815. உ.வே.சா. பிறந்தது ஆனந்த வருஷம் மாசி மாதம். ஆனந்த நாற்பத்தெட்டாவது, 1807உம் 47உம் 1854, மாசி ஆகையால் 1855. கடைசி ஒன்றைக் கூட்ட மறப்பதால்தான் இரண்டு நூலுக்கும் ஓராண்டு இடைவெளி இருப்பதாகப் பலர் மயங்குகிறார்கள்.

இரண்டாவது, பெயர். திருவாவடுதுறை மடத்தில் அம்பலவாண தேசிகர் என்று சுப்பிரமணிய தேசிகருக்கு முன்பு ஒருவரும் பின்பு ஒருவரும் வருகிறார்கள். நடுவில் இருக்கும் சுப்பிரமணிய தேசிகரை ஆணியாக அடித்துக்கொண்டால் மற்ற இருவரும் இடம் மாறாமல் நிற்பார்கள். ஊர்ப்பெயருக்கும் ஒரு சிறு குறிப்பு போதும்: மாயூரம், மாயவரம் இரண்டும் இன்றைய மயிலாடுதுறை, திரிசிரபுரம் திருச்சி. நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எந்த நூலில் எந்த அத்தியாயம் என்று ஒற்றை வரியாக எழுதிவந்தால் போதும். விரிவான குறிப்பு எழுத உட்கார்ந்தால் வாசிப்பு நின்றுவிடும்.

மூன்றாவது நூலை எடுக்க வேண்டிய இடம் 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த உ.வே.சா., அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்குகிறார். அவர் மசியவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியைச் சொல்கிறார். ‘என்ன பிரயோசனம்?’ என்பது அந்த அத்தியாயத்தின் தலைப்பு. பிள்ளையவர்கள் சரித்திரத்தைக் கூடவே படித்து வந்தவருக்கு இந்தக் கேள்வி சுரீரென்று தைக்கும். அதுவரை இரண்டு நூல்களில் வியந்து வந்த கல்வி முழுவதையும் ஒரு முன்சீபு ஒரு மாலையில் புரட்டிப் போடுகிறார். தனியாகப் படித்தால் இது ஒரு சுவையான சந்திப்பு, அவ்வளவுதான்.

இங்கே ‘தாமோதரம்’ நூலைத் திறங்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1868இலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தவர். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. உ.வே.சா. பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்ததும் அதே 1887இல்தான். அந்தந்த நூலுக்கு அவர் எழுதிய முன்னுரைகளின் தொகுப்பே ‘தாமோதரம்’. பக்கம் குறைவு, ஆனால் எளிதில் ஓடாது. வாக்கியங்கள் நீளமானவை, சொற்புணர்ச்சி நெருக்கமானது, வடசொற்கள் மிகுதி. மௌனமாகப் படித்தால் வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். வாய்விட்டுப் படித்தால் அதே வாக்கியம் மூச்சுக்கு மூச்சு தானே பிரிந்து நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு முன்னுரை போதும். கலித்தொகைப் பதிப்புரையில் தொடங்குங்கள். கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும், புரட்டினால் துண்டாய்ப் பறப்பதையும், எழுத்துகளின்மேல் பூச்சி உழுத தடத்தையும் அவர் சொல்லும் பத்தி, சுவடியைத் தொட்டே பார்க்காத இன்றைய வாசகனுக்கும் கைநடுக்கத்தை வரவழைக்கும்.

அடுத்துப் படிக்க வேண்டியது வீரசோழியப் பதிப்புரை. தமிழின் வரலாற்றை அபோத காலம் தொடங்கி ஆதீன காலம் வரை எட்டாக அவர் பகுப்பது அங்கேதான். அந்தப் பகுப்பை இன்று வரலாறாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கடைசிக் காலத்துக்கு அவர் ‘ஆதீன காலம்’, அதாவது சைவ மடங்களின் காலம், என்று பெயர் வைத்ததைத் திருவாவடுதுறை அத்தியாயங்களைப் படித்த கையோடு பாருங்கள். பிள்ளையவர்களும் தேசிகரும் வாழ்ந்த உலகத்துக்கு அதற்குள் ஒருவர் வெளியே நின்று பெயர் சூட்டிவிட்டார். உ.வே.சா. அந்த உலகத்துக்கு உள்ளேயிருந்து எழுதுகிறார். தாமோதரம் பிள்ளை கும்பகோணத்துக்கு வந்து பழகியதும், சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பியதும் ‘என் சரித்திர’த்தில் வருகின்றன. அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு அவரைப் போட்டியாளர் என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். அவர் முன்னுரைகளைப் படித்தபின் அதே அத்தியாயத்துக்குத் திரும்பினால், ஒரே தீயை அணைக்க இரு பக்கமிருந்தும் ஓடிவந்த இருவராகத் தெரிவார்கள்.

‘கடிதக் கருவூல’த்தை முதலிலிருந்து தொடர்ச்சியாகப் படிக்க முயல வேண்டாம். கனமான நூல், 1877 முதல் 1900 வரை உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை இதில் இல்லை, ஆகவே தொலைபேசியில் பேசும் ஒருவரின் பக்கத்தில் நின்று கேட்பதுபோல மறுபாதியை நாமே ஊகிக்க வேண்டும். கடிதங்களுக்குத் தேதி இருப்பதால், ‘என் சரித்திர’த்தில் எந்த ஆண்டுக்கு வந்திருக்கிறோமோ அந்த ஆண்டுக் கடிதங்களை மட்டும் திறக்கலாம். பதிப்பாசிரியரின் முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். இந்த நூல் ஏன் வேண்டும் என்றால், தன்வரலாறு பல்லாண்டு கழித்து எழுதப்பட்டது; கடிதம் அன்றைக்கே எழுதப்பட்டது. தன்வரலாற்றில் ஓட்டமாக வரும் ஒரு நிகழ்ச்சி, கடிதத்தில் ஏடு கேட்டு எழுதியதாகவும், கையொப்பத் தொகை பற்றிய பேச்சாகவும் நாள்படக் கிடக்கும். முன்பணம் கட்டும் கையொப்பக்காரர்களைச் சேர்த்து நூல் அச்சிட்ட அந்த முறை எவ்வளவு பாடு என்பதை இங்கேதான் நெருங்கிப் பார்க்க முடியும்.

சிந்தாமணியையும் ஐந்தாவதாக மேசையில் வைக்கலாமா என்ற எண்ணம் வரும். முழுதும் வேண்டாம். 13 இலம்பகம் (பகுதி), 3145 பாட்டு. அது தனியாக ஓராண்டு வேலை. ஆனால் 1880ஐக் கடந்தபின் நாமகள் இலம்பகத்தின் முதல் ஐம்பது பாட்டையாவது நச்சினார்க்கினியர் உரையோடு படித்துப் பாருங்கள். உ.வே.சா. எங்கே முட்டிக்கொண்டாரோ அங்கேயே நாமும் முட்டிக்கொள்வோம். உரையாசிரியர் ஒரு பாட்டின் சொல்லை எங்கோ இருக்கும் இன்னொரு பாட்டோடு கொண்டுபோய்க் கூட்டுவார். மேற்கோள் ஒன்றைக் கொடுத்து ‘என்றார் பிறரும்’ என்று நகர்ந்துவிடுவார், எந்த நூல் என்று சொல்லமாட்டார். அந்தப் ‘பிறர்’ யார் என்று தேடிப் போனதில்தான் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறும் வழி திறந்தது. சமணச் சொற்களுக்குக் கும்பகோணத்துச் சைன நண்பர்கள் வீட்டில் விளக்கம் கேட்டதைச் சொல்லும் அத்தியாயங்கள், ஐந்து பாட்டாவது தாமே படித்துத் திணறியவருக்கு இரண்டு மடங்கு இனிக்கும்.

அச்சு நூல் எல்லாவற்றையும் வாங்க முடியாதவர்களுக்கு மின்வழி உண்டு. ‘மதுரைத் திட்டம்’ என்ற இணையத் தொகுப்பில் உ.வே.சா. நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் பக்கங்களைப் படமாகப் பார்க்கலாம். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. தட்டச்சுக் கோப்பின் பெரிய பலம் தேடல். ஆனால் முழுப் பெயரைத் தேடினால் பாதி இடம் தப்பிவிடும். ‘தேசிகர்’ என்று தேடினால் ‘தேசிகரிடத்தில்’ அகப்படாது, காரணம் புள்ளி போய் உயிர் ஏறிவிடுகிறது. ‘தேசிக’ என்று நிறுத்தித் தேடுங்கள். ‘சவேரிநாத’ கிடைக்காவிட்டால் ‘சவரிநாத’ என்று பாருங்கள். படக்கோப்புகளில் இந்தத் தேடலே நடக்காது. படிப்பதற்கு அச்சு நூல், தேடுவதற்கு மின்னூல் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறையில் சரிவரும். ஆறங்குல மின்வாசிப்பானில் படப் பக்கங்களைப் படிக்க முயல வேண்டாம். பழைய அச்செழுத்து அந்த அளவில் கண்ணைக் கெடுக்கும்.

‘என் சரித்திரம்’ மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுவிடுகிறது. கடிதக் கருவூலம் 1900 வரை வருவதால் மேலும் சிறிது தூரம் கைப்பிடித்து நடத்தும். ஐங்குறுநூறு முதல் குறுந்தொகை வரையிலான பிற்காலத்துக்கு அவர் மாணவர் கி.வா.ஜகந்நாதனின் ‘என் ஆசிரியப் பிரான்’ இருக்கிறது. நடை முற்றிலும் வேறு. ஆசிரியரை நிமிர்ந்து பார்க்கும் மாணவனின் பக்தி அதில் நிறைந்திருக்கிறது. அதனால் 122ஆம் அத்தியாயத்தை முடித்த அடுத்த நாளே எடுக்காமல் ஒரு வாரம் விட்டு எடுங்கள். இல்லையேல் காதில் பழைய குரலே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு நூலுக்குத்தான் கையில் காசு என்றால் ‘என் சரித்திரம்’, ‘தாமோதரம்’ இரண்டையும் வாங்குங்கள். பிள்ளையவர்கள் சரித்திரத்தை மின்னூலாகப் படித்துக்கொள்ளலாம், செய்யுள் தாண்டிப் படிப்பதற்கு அது தோதாகவும் இருக்கும். கடிதக் கருவூலத்தை நல்ல நூலகத்தில் உட்கார்ந்து, ஆண்டு வாரியாகக் குறிப்பெடுத்த நோட்டோடு பாருங்கள்.